மேயர் கையெழுத்துப் போட மறுத்த ஒரு வரி: மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1968

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் மெம்ஃபிஸ் நகரில் 1968 பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர். ஏப்ரல் 16 வரை, 65 நாள் அந்த வேலைநிறுத்தம் நீடித்தது. இடையில் ஏப்ரல் 4 அன்று அவர்களுக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிங்கின் மரணம் இவ்வளவு பெரிதாக நினைவில் நின்றுவிட்டதால், அவர் எதற்காக அங்கே வந்தார் என்பது ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிப் போயிருக்கிறது. அந்த அடிக்குறிப்பைத்தான் இங்கே விரித்து எழுதப் போகிறேன், ஏனென்றால் அடித்தட்டிலிருந்து எழும் ஓர் இயக்கம் எப்படி உருவாகிறது, எங்கே தடுக்கி விழுகிறது, எதை வைத்து ஜெயிக்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டையில் கடைசி வரை அவிழாமல் கிடந்த முடிச்சு கூலி உயர்வு கிடையாது. சங்கத்தை எழுத்துப்பூர்வமாக அங்கீகரிப்பதும், தொழிலாளியின் சம்பளத்திலேயே சங்கச் சந்தாவைப் பிடித்துச் சங்கத்திடம் கொடுப்பதும்தான். கேட்கும்போது வெறும் கணக்குப்பிள்ளை விவகாரம் போலத் தெரியும். ஒரு நகரமே ஸ்தம்பித்ததும் ராணுவ வண்டிகள் தெருவில் இறங்கியதும் அந்தக் கணக்குப்பிள்ளை விவகாரத்தைச் சுற்றித்தான்.

அந்த வேலை எப்படி இருந்தது

வீட்டுக்காரர்கள் குப்பையைத் தெருவுக்குக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் அப்போது அங்கே இல்லை. தொழிலாளிதான் வீட்டின் பின்கட்டுக்குப் போக வேண்டும், அங்கிருக்கும் குப்பையைத் தான் கொண்டுபோன தொட்டியில் கொட்டிக்கொண்டு, அதைத் தலையிலோ தோளிலோ சுமந்து லாரிக்கு வர வேண்டும். பல தொட்டிகள் ஓட்டை. அழுகிய நீர் தலையில் வழியும், புழுக்கள் சட்டைக்குள் விழும். நகராட்சி சீருடை தரவில்லை, வேலை முடிந்து உடம்பைக் கழுவ இடம் தரவில்லை. ஒதுக்கப்பட்ட தெருக்களை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம், அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் கூடுதல் கூலி கிடையாது. மணிக்கு 1.60 டாலரிலிருந்து 1.80 டாலர் வரை கூலி. முழுநேர வேலை பார்த்தும், குடும்பம் அரசின் ஏழைகளுக்கான உதவித்தொகைக்குத் தகுதி பெறும் அளவுக்குத்தான் அந்தச் சம்பளம் இருந்தது.

மேற்பார்வையாளர்கள் வெள்ளையர்கள். அறுபது வயதுத் தொழிலாளியையும் 'பையா' என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலாளர்களில் நிறையப் பேர் பக்கத்துக் கிராமப்புறங்களிலிருந்து, குறிப்பாக ஃபேயெட் மாவட்டத்துப் பருத்திப் பண்ணைகளிலிருந்து வந்தவர்கள். அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததற்காகவே குத்தகைக் குடும்பங்கள் நிலத்தை விட்டு விரட்டப்பட்டு, 1960-இல் கூடாரம் போட்டுத் தங்கிய கதை உண்டு. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஊருக்குள் பிழைக்க வந்தவர்களுக்கு நகராட்சி வேலை ஒரு படி மேல். அதனால்தான் அதை இழக்கும் பயமும் பெரிதாக இருந்தது.

இன்னொரு விஷயம், இது சட்டம் சம்பந்தப்பட்டது, ஆனால் மிக முக்கியம். நகராட்சிப் பதிவேட்டில் இவர்கள் வகைப்படுத்தப்படாத தினக்கூலிகள். அதனால் வேலையில் விபத்து நடந்தால் கிடைக்க வேண்டிய இழப்பீடு இவர்களுக்கு இல்லை.

பிப்ரவரி 1

ஜனவரி கடைசியில் ஒரு மழை நாள். சாக்கடைப் பிரிவில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களை வேலை இல்லை என்று இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளை மேற்பார்வையாளர்கள் இருந்து முழு நாள் சம்பளம் வாங்கினார்கள். அந்தக் கோபம் ஆறும் முன்பே அடுத்தது நடந்தது.

பிப்ரவரி 1 அன்றும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் லாரியின் பின்பக்கம், குப்பையை நசுக்கும் பகுதிக்குள் ஒதுங்கினார்கள். ஓட்டுநர் அறையில் எல்லோருக்கும் இடம் இல்லை. வெள்ளையர் குடியிருப்புகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்பதை வீட்டுக்காரர்கள் புகார் சொல்லி ஏற்கெனவே தடுத்திருந்தார்கள். அது பழைய லாரி. அதன் இயந்திரம் ஆபத்தானது என்று தொழிலாளர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அது தானாக இயங்கி இருவரையும் உள்ளே இழுத்து நசுக்கியது.

நகராட்சி அந்தக் குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளமும், அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்தது. இழப்பீடு இல்லை, காப்பீடு இல்லை. வாக்கரின் மனைவி அப்போது கர்ப்பிணி.

இந்த மரணங்களை வேலைநிறுத்தத்துக்கான காரணம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. மரணங்கள் கோபத்தைக் கொடுத்தன. அந்தக் கோபம் போய்ச் சேர ஓர் இடம் முன்பே இருந்தது, அதைக் கட்ட ஐந்து வருடம் பிடித்திருக்கிறது.

1963-இலிருந்து தொடங்க வேண்டும்

டி.ஓ. ஜோன்ஸ் என்ற துப்புரவுத் தொழிலாளி 1963-இல் சங்கம் வைக்க ஒரு கூட்டம் கூட்டினார். கூட்டத்தில் உளவு சொல்ல ஆள் இருந்திருக்கிறது. 33 பேரை வேலையை விட்டு நீக்கினார்கள், ஜோன்ஸும் அதில் ஒருவர். அவர் விடவில்லை. ஆஃப்ஸ்மி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய அளவிலான அரசு, நகராட்சி ஊழியர் சங்கத்தின் கிளையாக 1964-இல் அது பதிவானது. கிளையின் எண் 1733. கடைசி இரண்டு இலக்கங்கள் வேலை போன அந்த 33 பேருக்காக.

1966 ஆகஸ்டில் ஒரு வேலைநிறுத்தம் முயன்றார்கள். நகராட்சி நீதிமன்றத்தில் தடை வாங்கியது, மாற்று ஆட்களையும் தயாராக வைத்தது, தொடங்கும் முன்பே அது படுத்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தோல்விகள். ஆனால் யாரை நம்பலாம், யார் பயந்து பின்வாங்குவார், நகராட்சி முதலில் எந்த ஆயுதத்தை எடுக்கும் என்பதெல்லாம் அந்தத் தோல்விகளில்தான் தெரிய வந்தது. சந்தா கொடுக்கும் உறுப்பினர்கள் மிகக் குறைவு, காரணம் ஜோன்ஸ் ஒவ்வொரு ஆளாகப் போய்க் கையில் வாங்க வேண்டும். மணிக்கு 1.70 டாலர் வாங்கும் ஒருவரிடம் மாதாமாதம் போய் நிற்பது எப்படி இருக்கும்? கொடுத்தவர் யார் என்று மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? சந்தாப் பிடித்தம் ஏன் உயிர்ப் பிரச்சினை என்பது இங்கே புரிந்துவிடும். அது இல்லாவிட்டால் சங்கம் பெயரளவில் இருக்கும், ஒரு கெட்ட வருடத்தில் காணாமல் போய்விடும்.

1968 பிப்ரவரி 11 இரவுக் கூட்டத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். நகராட்சி எதற்கும் அசையவில்லை என்று ஜோன்ஸ் சொன்னதும், மறுநாள் வேலைக்குப் போவதில்லை என்று அவர்களாகவே முடிவெடுத்தார்கள். தேசியச் சங்கத் தலைமைக்கே இது தெரியாது. சங்கத்தின் அதிகாரி பி.ஜே. சியாம்பா செய்தி கேட்டு ஓடி வந்தார். உண்மையில் எந்தச் சங்க நிர்வாகியும் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். குளிர்காலத்தில் குப்பை அவ்வளவாக நாறாது, நகரத்துக்கு நெருக்கடி மெதுவாகத்தான் வரும். புது மேயர் பதவியேற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, தன் பலத்தைக் காட்ட அவருக்கும் ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டது.

மேயர் லோப்

ஹென்றி லோப் ஐம்பதுகளில் நகரின் பொதுப்பணித் துறைப் பொறுப்பில் இருந்தவர், அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை மேயராகவும் இருந்தவர். துப்புரவுத் தொழிலாளர்களை முன்பே அறிந்தவர். அவரை வெறும் கொடுமைக்காரராக வரைந்தால் நிகழ்வு புரியாமல் போகும். என் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, குறை இருந்தால் வந்து சொல்லுங்கள், செய்து தருகிறேன் என்பது அவருடைய நிலை. கூலியைக் கொஞ்சம் ஏற்றித் தரவும் அவர் தயார். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம், முதலில் வேலைக்குத் திரும்புங்கள், சங்கத்தோடு எந்தக் காகிதத்திலும் கையெழுத்து இல்லை, சந்தாப் பிடித்தம் இல்லை என்பதில் மட்டும் அசைய மாட்டார்.

இதில் ஒரு தெளிவான தர்க்கம் இருக்கிறது. எஜமானர் மனமிரங்கிக் கொடுக்கும் பத்து சென்ட் எஜமானருடைய பெருந்தன்மைக் கணக்கில் சேரும், அடுத்த வருடம் அதைக் கொடுக்காமலும் இருக்கலாம். சங்கம் பேசி வாங்கும் பத்து சென்ட்டுக்குப் பின்னால் ஒப்பந்தம் இருக்கும், மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி இருக்கும். அந்த நாற்காலியைத்தான் லோப் போட மறுத்தார். மெம்ஃபிஸ் கறுப்பின மக்கள் இதைப் பண்ணை மனோபாவம் என்று சொன்னார்கள். பண்ணைகளிலிருந்து வந்தவர்களுக்கு அதை அடையாளம் காண யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

பிப்ரவரி 13 அன்று நகர அரங்கத்தில் லோப் தொழிலாளர்களை நேரில் சந்தித்து வேலைக்குத் திரும்பச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள், கூச்சலிட்டார்கள். மறுநாள் கெடு வைத்தார்: 15-ஆம் தேதி காலை 7 மணிக்குள் வராதவர் இடத்தில் வேறு ஆள். போலீஸ் காவலோடு சில லாரிகள் ஓடின. பேச்சுவார்த்தையைப் பத்திரிகையாளர்கள் முன்னால்தான் நடத்துவேன் என்றும் லோப் அடம்பிடித்தார். சியாம்பா கேமரா முன்னால் அவரிடம் காட்டமாகப் பேச, அது தொலைக்காட்சியில் வந்து வெள்ளையர் மத்தியில் மேயருக்கு அனுதாபம் சேர்ந்தது. சியாம்பாவே ஊருக்குப் போ என்று கார்களில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வெளியிலிருந்து வரும் தலைவருக்கு உள்ளூர் நாடி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சங்கத் தலைவர் ஜெரி வொர்ஃப் நேரில் வந்த பிறகு பேச்சின் தொனி கொஞ்சம் மாறியது.

தொழிலாளர்கள் தினமும் கூடியது ஃபயர்ஸ்டோன் டயர் ஆலைத் தொழிலாளர் சங்க மண்டபத்தில். அந்த ரப்பர் தொழிலாளர் சங்கம் மண்டபத்தைக் கொடுத்தது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடுவது சின்ன விஷயம் கிடையாது. வேலைநிறுத்தத்தில் ஆள் உடைவது பெரும்பாலும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது.

பிப்ரவரி 23: நிறம் மாறிய நாள்

என் கணிப்பில் முழு நிகழ்வின் திருப்புமுனை இந்த நாள்தான். கிங் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

முந்தைய நாள், பிப்ரவரி 22 அன்று, நகர மன்றத்தின் பொதுப்பணிக் குழு கூடியது. தலைவர் ஃபிரெட் டேவிஸ், 13 பேர் கொண்ட மன்றத்தில் இருந்த மூன்று கறுப்பின உறுப்பினர்களில் ஒருவர். தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் மன்றத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நகர மாட்டோம் என்றார்கள். பசி வந்தது. பெண்கள் ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்து, புத்தம்புதிய மன்ற அரங்கிலேயே சாண்ட்விச் செய்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். கடைசியில் குழு, சங்கத்தை அங்கீகரிக்கப் பரிந்துரைத்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துத்தான் மறுநாள் வந்தார்கள்.

மறுநாள் முழு மன்றமும் கூடி, அந்தப் பரிந்துரையை ஒதுக்கி, மேயர் பக்கம் நிற்கும் மாற்றுத் தீர்மானத்தை விவாதமே இல்லாமல் நிறைவேற்றிவிட்டுக் கலைந்தது. ஏமாற்றமடைந்த தொழிலாளர்களும் பாதிரியார்களும் மெயின் தெரு வழியாக ஊர்வலம் போனார்கள். போலீஸ் கார்கள் ஊர்வலத்தை ஓரமாக நெருக்கித் தள்ளின, ஒரு கார் கிளாடிஸ் கார்ப்பெண்டர் என்ற பெண்ணின் பாதத்தில் ஏறியது. ஆட்கள் அந்தக் காரைப் பிடித்து ஆட்டினார்கள். அவ்வளவுதான், போலீசார் மேஸ் என்ற எரிச்சலூட்டும் மருந்தைக் கண்ணுக்கு நேராகத் தெளித்தார்கள், தடியால் அடித்தார்கள். யார் தொழிலாளி, யார் பாதிரியார் என்று பார்க்கவில்லை.

ரால்ஃப் ஜாக்சன் என்ற பாதிரியார் ஊரில் மரியாதையான, நிதானமான ஆள். அவர் முகத்திலும் மருந்து விழுந்தது. அங்கியும் படிப்பும் பதவியும் தன்னைக் காக்கும் என்று அதுவரை நம்பியிருந்த ஒரு வகுப்பே அன்று விழித்தது. மறுநாளே கறுப்பினப் பாதிரியார்கள் கூடி, சமத்துவத்துக்காக நகரும் சமூகம் என்ற பொருளில் 'கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் லாசன் தலைவர். காந்தியின் வழிமுறைகளைப் படிக்க இந்தியாவுக்கு வந்து நாக்பூரில் சில வருடங்கள் இருந்தவர் அவர், பிறகு நாஷ்வில் மாணவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி கொடுத்தவர். அதே நாளில் நகராட்சி, வேலைநிறுத்தத் தலைவர்களுக்கு எதிராக நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கியது. சங்கத் தலைவர்களின் கை கட்டப்பட்ட நேரத்தில் பாதிரியார்கள் தலைமையை எடுத்துக்கொண்டார்கள். தடை உத்தரவு சங்கத்தைக் கட்டுப்படுத்தலாம், ஞாயிறு ஆராதனையை என்ன செய்யும்?

ஒரு தொழில் தகராறு அன்றோடு இனநீதிப் போராட்டம் ஆனது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். தொழிற்சங்கத்தில் சிலர், இதை இனப் பிரச்சினை ஆக்கினால் வெள்ளைத் தொழிலாளர் ஆதரவு போய்விடும் என்று பயந்தார்கள். மேயர் தரப்பும் இது வெறும் சட்டப் பிரச்சினை என்றே சொன்னது. தொட்டியைத் தலையில் சுமந்தவனுக்கு அந்தப் பிரிவினை ஒரு நாளும் இருந்ததில்லை.

காசும் அச்சு இயந்திரமும்

கம் அமைப்பு முதலில் கைவைத்தது காசில். நகர மையக் கடைகளில் எதுவும் வாங்காதீர்கள். லோப் குடும்பத்துச் சலவை நிலையங்கள் பக்கம் போகாதீர்கள். ஊரின் இரண்டு நாளிதழ்களையும் நிறுத்துங்கள். இவற்றில் கமர்ஷியல் அப்பீல் பத்திரிகை, கறுப்பினத்தவரைக் கேலிப் பாத்திரமாக வரைந்த ஒரு கார்ட்டூனைப் பல்லாண்டுகளாகப் போட்டு வந்தது, அந்த வருடம்தான் அது நின்றது. ஏப்ரல் 14 ஈஸ்டர். புதுத்துணி எடுக்கும் காலத்தில் கடைகளைப் புறக்கணித்தது வியாபாரிகளுக்கு வலித்தது.

வருமானமே இல்லாத ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களுக்கு வாடகை, மின்கட்டணம், சாப்பாடு வேண்டுமே. ஞாயிறுதோறும் தேவாலயங்களில் உண்டியல் சுற்றியது, மற்ற சங்கங்கள் பணம் அனுப்பின. வால்டர் ரூதரின் கார்த் தொழிலாளர் சங்கம் பின்னர் 50,000 டாலர் கொடுத்தது. கார்னீலியா கிரென்ஷா போன்ற உள்ளூர்ப் பெண்கள் உணவு திரட்டிப் பங்கிட்டார்கள். கறுப்பினத்தவர் உரிமைகளுக்கான தேசிய அமைப்பான என்ஏஏசிபியின் உள்ளூர்ச் செயலர் மேக்ஸின் ஸ்மித் தொடக்கத்திலிருந்தே கூட நின்றார். இரவுக் கூட்டங்களில் பேசியவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன, பாதிக் கூலிக்கும் வழியில்லாமல் 65 நாள் அடுப்பு எரிய வைத்த மனைவிமாரின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. இது எனக்கு உறுத்துகிறது, அந்த வேலைநிறுத்தத்தின் புகழ்பெற்ற வாசகத்தையும் சேர்த்துத்தான்.

'நான் ஒரு மனிதன்' என்ற அந்தப் பதாகையைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் அது ஆண் என்றும் பொருள்படும், 'பையா' என்று கூப்பிடப்பட்டவர்களின் நேரடிப் பதில். தேசியச் சங்கத்தின் வில்லியம் லூசியும் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். கிளேபார்ன் டெம்பிள் என்ற தேவாலயத்தில் ஓர் அச்சு இயந்திரம் இருந்தது, அங்கே பாதிரியாராக இருந்த மால்கம் பிளாக்பர்ன் என்ற வெள்ளையர் அதில் அந்தப் பதாகைகளை அச்சடித்தார். ஆங்கிலத்தில் நான்கே சொல். கூலியும் அதில் இல்லை, கோரிக்கையும் இல்லை. ஊர்வலங்கள் கிளம்பியதும் அந்தத் தேவாலயத்திலிருந்துதான். 2025 ஏப்ரலில் ஏற்பட்ட தீயில் அந்தக் கட்டடம் அழிந்தது.

மார்ச் 28

லாசன் அழைத்ததால் கிங் மார்ச் 18 அன்று வந்தார். அவருடைய சகாக்களுக்கு விருப்பமில்லை. ஏழைகளைத் திரட்டி வாஷிங்டனுக்குக் கொண்டுபோகும் பெரிய இயக்கத்துக்கான வேலை நடுவில் இருந்தது. ஆனால் மேசன் டெம்பிள் என்ற பெரிய தேவாலயத்தில் அன்று இரவு கூடிய கூட்டம் பதினையாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். ஒரு நாள் ஊரே வேலையை நிறுத்த வேண்டும், நானே வந்து ஊர்வலம் நடத்துகிறேன் என்று அந்தக் கூட்டத்தில் சொன்னார். குறித்த நாள் 22. அன்று ஓர் அடிக்கு மேல் பனி கொட்டியது, மெம்ஃபிஸில் வழக்கமே இல்லாத பனி. ஊர்வலம் 28-க்குத் தள்ளிப் போனது.

28-ஆம் தேதி நடந்தது இயக்கத்தின் தோல்வி, அதை மென்று முழுங்கத் தேவையில்லை. கிங்கின் அமைப்பு முன்கூட்டியே ஆட்களை அனுப்பித் தயார் செய்யவில்லை. கிங் தாமதமாக வந்தார், அதுவரை கூட்டம் காத்துக் காத்துச் சூடாகியிருந்தது. பள்ளி மாணவர்கள் பெருமளவில் வந்திருந்தார்கள், அவர்களுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. இன்வேடர்ஸ் என்ற தீவிர இளைஞர் குழுவைத் திட்டமிடலில் மதித்துச் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். பதாகைகளை மரக்குச்சிகளில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பீல் தெருவில் பின்னாலிருந்து சிலர் அந்தக் குச்சிகளாலேயே கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். லாசன் ஊர்வலத்தைத் திருப்பச் சொன்னார், கிங்கை அங்கிருந்து அகற்றினார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகையோடு வந்தது, கண்ணாடி உடைத்தவன், உடைக்காதவன் என்ற கணக்கெல்லாம் இல்லாமல் அடித்தது, கிளேபார்ன் டெம்பிள் வரை துரத்திப் போய் உள்ளேயும் புகையைச் செலுத்தியது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். சுமார் 280 பேர் கைது, ஊரடங்கு, 4,000 தேசியக் காவல் படையினர்.

மறுநாள் காலை நடந்ததுதான் என்னை இந்த நிகழ்வோடு கட்டிப்போட்டது. துப்பாக்கியில் கத்தி செருகிய படைவீரர்களும் கவச வண்டிகளும் நின்ற தெருவில், தொழிலாளர்கள் அதே நான்கு சொற்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். முந்தைய நாள் உடைந்துபோன ஒழுங்கை அவர்களே திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரிய தலைவர் யாரும் முன்னால் இல்லை.

பதாகைகளோடு தொழிலாளர்கள் சாரியாக நிற்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்த எர்னஸ்ட் விதர்ஸ் கறுப்பினப் புகைப்படக்காரர், இயக்கத்துக்குள் எல்லோருக்கும் வேண்டியவர். அவர் எஃப்பிஐக்குத் தகவல் கொடுத்து வந்தார் என்பது அவர் இறந்த பிறகு 2010-இல் வெளியானது. இன்வேடர்ஸ் குழுவுக்குள்ளும் ரகசியப் போலீஸ் இருந்தது. 1963-இல் முதல் கூட்டத்தில் இருந்த உளவாளி தனி ஆள் கிடையாது, அது அந்த ஊரில் ஒரு முறையாகவே இருந்திருக்கிறது. ஒற்றுமை என்று நாம் சுலபமாகச் சொல்லும் சொல்லை இந்த மனிதர்கள் இத்தனை கண்களுக்கு நடுவில் கட்டியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 4-க்குப் பிறகும் பன்னிரண்டு நாள்

அகிம்சை ஊர்வலம் இன்னும் சாத்தியம் என்று காட்டியே ஆக வேண்டிய கட்டாயம் கிங்குக்கு வந்துவிட்டது. திரும்பி வந்தார். ஏப்ரல் 3 இரவு புயல் மழையில் மேசன் டெம்பிளில் பேசினார். மறுநாள் நீதிமன்றத்தில் லாசன் உள்ளிட்டோர் போராடி, கட்டுப்பாடுகளோடு ஊர்வலத்துக்கு அனுமதி கிடைக்கும் நிலை வந்தது. மாலை 6:01-க்கு லொரெய்ன் விடுதியின் மாடத்தில் அவர் சுடப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. ஏப்ரல் 8 அன்று அவருடைய மனைவி கொரெட்டா ஸ்காட் கிங், கணவரின் அடக்கத்துக்கு முன்பே மெம்ஃபிஸ் வந்து ஊர்வலத்தை நடத்தினார். சுமார் 42,000 பேர், ஒரு கோஷம் இல்லாமல்.

அதற்குப் பிறகும் லோப் உடனே இறங்கவில்லை. ஜனாதிபதி ஜான்சன் அனுப்பிய தொழிலாளர் துறைத் துணைச் செயலர் ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் இரு தரப்பையும் உட்கார வைத்து நாட்கணக்கில் பேசினார். ஒரு பெரிய தலைவரின் கொலை, நாடு முழுவதும் தீ, வெள்ளை மாளிகையின் அழுத்தம், கடைக்காரர்களின் முணுமுணுப்பு எல்லாம் சேர்ந்தும் மேலும் பன்னிரண்டு நாள். முடிச்சு எங்கே இருந்தது? அதே சந்தாப் பிடித்தத்தில்.

தீர்வு கொஞ்சம் சுற்றுவழி. நகராட்சி சந்தாவைச் சங்கத்துக்குக் கொடுக்காது. தொழிலாளர் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கான பிடித்தமாகப் போகும், கடன் சங்கம் அதைத் தொழிற்சங்கத்துக்குக் கொடுக்கும். மேயர் தன் கொள்கையை விடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், சங்கத்துக்குப் பணம் வந்து சேரும். சங்க அங்கீகாரம் வந்தது, குறைகேட்பு முறை வந்தது, பாகுபாடின்றிப் பணிமூப்பும் திறமையும் பார்த்துப் பதவி உயர்வு என்று ஏற்றார்கள். கூலி உயர்வு மே 1 முதல் மணிக்கு 10 சென்ட், செப்டம்பர் 1 முதல் இன்னும் 5 சென்ட். முதல் சில மாதங்களுக்குக் கூலி உயர்வுக்கு நகராட்சியிடம் பணம் இல்லை என்று இழுத்தபோது, ஏப் பிளவ் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் பெயரை வெளியிடாமல் அந்தத் தொகையைக் கொடுத்தார். ஏப்ரல் 16 அன்று நகர மன்றம் ஏற்றது, கிளேபார்ன் டெம்பிளில் தொழிலாளர்கள் வாக்களித்து ஏற்றார்கள்.

பதினைந்து சென்ட். அதற்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்து நடந்ததைப் பாருங்கள்: சில மாதங்களில் நகராட்சி ஒப்பந்தத்தை நிறைவேற்றாமல் இழுத்தபோது, சங்கம் இன்னொரு வேலைநிறுத்தம் என்று மிரட்டியது, காரியம் நடந்தது. 1963-இல் 33 பேர், 1966-இல் தொடங்கும் முன்பே முடிந்த முயற்சி, இப்போது மிரட்டலே போதுமானதாக இருக்கிறது. ஒழுங்காகச் சந்தா வரும் சங்கத்துக்கும் கையேந்தும் சங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மற்றத் துறைகளின் நகராட்சி ஊழியர்களும் அப்புறம் 1733-இல் சேர்ந்தார்கள்.

முடியாமல் நின்றவை

செலவை ஈடுகட்ட நகரம் குப்பைக்கென்று மாதக் கட்டணம் ஒன்றை மின்சார, தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்தது. கார்னீலியா கிரென்ஷா அதைக் கட்ட மறுத்தார். ஏழைகள் மேல் சுமையை ஏற்றும் கட்டணம் அது என்பது அவர் வாதம். அவர் வீட்டு இணைப்புகளைத் துண்டித்தார்கள், அவர் பல வருடங்கள் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமலேயே வாழ்ந்தார். வேலைநிறுத்தத்தை ஆதரித்தவரே அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்பதையும் எதிர்த்தார் என்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நீதியின் பில்லை இன்னொரு ஏழையிடம் நீட்டுவதுதான் நிர்வாகங்களுக்கு எப்போதும் சுலபம். இன்று அந்த ஊரில் ஒரு நூலகக் கிளைக்கு அவர் பெயர்.

ஓய்வூதியம் இன்னொன்று. ஒப்பந்தத்துக்குப் பிறகு தொழிலாளர்கள் நகராட்சி ஓய்வூதியத்துக்குப் பதிலாக மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கையில் மீதமில்லாத கூலியில் எந்தப் பிடித்தத்தைத் தாங்க முடியும் என்று பார்த்த காலம் அது. முதுமையில் அது போதவில்லை. 1950-களில் வேலைக்குச் சேர்ந்த எல்மோர் நிக்கல்பெரி, வேலைநிறுத்தத்தில் நடந்தவர், எண்பது வயதைத் தாண்டியும் மெம்ஃபிஸில் குப்பை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

2017-இல் நகரம் அந்தப் பிழையை ஓரளவு ஒப்புக்கொண்டது. 1968 வேலைநிறுத்தத்தில் இருந்து இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்குத் தலா 50,000 டாலர் என்று அறிவித்து, பின் 70,000 ஆக உயர்த்தியது. அப்போது வேலையில் இருந்த துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் கூடுதல் ஓய்வூதியச் சேமிப்பு ஒன்று அதோடு தொடங்கியது. முதல் அறிவிப்பில் பணம் பெறத் தகுதியானவர்கள் என்று நகரம் கண்டுபிடித்தது 14 பேரை.